குழு லேபிள்: கிட்லேப் கருவியில் ஒரு பொது அடையாளம் சேர்க்கப்பட்ட நிகழ்வு ஆய்வு

பின்னணி

மென்பொருள் குழுக்கள் தங்கள் வேலைகளைப் பதிந்து பின்தொடரும் கருவிகளில் லேபிளைவிட எளிமையான உறுப்பு வேறில்லை. அதற்கு ஒரு பெயரும் ஒரு நிறமும் இருந்தால் போதும். அதைப் பல திட்டங்களுக்குப் பொதுவாக்குவதும் அதே அளவு எளிய வேலைதான் என்று முதல் பார்வையில் தோன்றும். நிரலையும் வேலைகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் கிட்லேப் கருவியில் இந்த வசதி சேர்க்கப்பட்டபோது நடந்தவை அந்த எண்ணத்தைப் பொய்யாக்கின. அதன் மூலநிரலும் தரவுத்தள மாற்றங்களும் பொதுவெளியில் கிடைப்பவை. அவற்றையும் மாதாந்திரப் பதிப்புக் குறிப்புகளையும் படித்து இந்த ஆய்வு எழுதப்பட்டுள்ளது. இதில் பங்கேற்றவர்களின் பெயர்கள் இங்கே தேவைப்படவில்லை. முடிவுகளுக்கான காரணங்களாக நான் சொல்பவற்றுள் சில, நிரலின் அமைப்பிலிருந்து நானே ஊகித்தவை. அவை வரும் இடங்களில் அவ்வாறே குறித்திருக்கிறேன்.

கிட்லேப், ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற இணையச் செயலிக் கட்டமைப்பில் எழுதப்பட்டது. அதில் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி இஷ்யூ (வேலை அல்லது பிழைக் குறிப்பு) பட்டியலும் தனி மெர்ஜ் ரிக்வெஸ்ட் (நிரல் மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் வேண்டுகோள்) பட்டியலும் உண்டு. பல திட்டங்களைத் தன்னுள் அடக்கி வைப்பது குழு. தொடக்க காலத்தில் லேபிள்களுக்குத் தனி அட்டவணை இருக்கவில்லை. ரெயில்ஸ் உலகில் பலரும் பயன்படுத்திய ஒரு பொதுவான டேக் நூலகமே அந்த வேலையைச் செய்தது. 2014ஆம் ஆண்டின் நடுவில் தலைப்பு, நிறம், திட்ட எண் ஆகிய புலங்களைக் கொண்ட தனி அட்டவணை வந்தது. அன்று முதல் ஒவ்வொரு லேபிளும் ஏதேனும் ஒரு திட்டத்தின் சொத்தாயிற்று. ஒரு திட்டத்துக்குள் மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு அது சரியான முடிவு. அதைக் குறைசொல்ல இடமில்லை.

அதன்பின் லேபிளின் மேல் ஒவ்வொன்றாகப் பொறுப்புகள் ஏறின. 2016ஆம் ஆண்டின் முதற்பாதியில் ஒரு லேபிளுக்குச் சந்தா சேர்ந்து, அது ஒட்டப்படும் இஷ்யூக்களைப் பற்றி அறிவிப்புப் பெறும் வசதி வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்து 8.9 பதிப்பில் லேபிள்களுக்கு முன்னுரிமை வரிசை தரப்பட்டது. ஆகஸ்ட் மாதத்து 8.11 பதிப்பில், இஷ்யூக்களை அருகருகே அடுக்கிக் காட்டும் இஷ்யூ போர்டு வந்தபோது அதன் நெடும்பட்டியல் ஒவ்வொன்றும் ஒரு லேபிளையே அடிப்படையாகக் கொண்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெறும் வண்ணச் சீட்டாக இருந்தது, இப்போது வேலையின் வரிசையையும் நிலையையும் அறிவிப்பையும் தாங்கும் தூணாகிவிட்டது. பொது லேபிள் என்ற கேள்வி தீவிரமானது இந்தக் கட்டத்தில்தான்.

கவனிக்கப்பட்டவை

ஒரு நிறுவனத்தின் சர்வர் நிரல் ஒரு திட்டமாகவும், கைப்பேசிச் செயலி இன்னொன்றாகவும், இணையதளம் மூன்றாவதாகவும் இருப்பது வழக்கம். மூன்றிலும் வேலை செய்பவர்கள் ஒரே ஆட்களாக இருந்தாலும் லேபிள்களை மூன்று முறை உருவாக்க வேண்டியிருந்தது. கருவி தந்த உதவிகள் இரண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் 'பக்', 'டாக்குமென்டேஷன்', 'சப்போர்ட்' முதலான 8 இயல்பு லேபிள்கள் அந்தத் திட்டத்தில் உருவாகும். அடுத்ததாக, சர்வரின் நிர்வாகி வைத்திருக்கும் மாதிரி லேபிள்கள், புதிய திட்டம் தொடங்கும் நொடியில் அதற்குள் நகலெடுக்கப்படும். இரண்டுமே நகல்கள்தாம். நகலெடுத்த பிறகு மூலத்தில் பெயரை மாற்றினால் நகல் மாறாது. நகலில் யாரேனும் நிறத்தை மாற்றினால் மூலத்துக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒத்துப்போகச் செய்ய வேண்டுமானால் மற்ற நிரல்கள் கருவியோடு பேசும் ஏபிஐ வழியாக ஒவ்வொரு திட்டத்தையும் சுற்றிவரும் ஸ்கிரிப்டை எழுதி, அதை அவ்வப்போது ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இங்கே எளிதில் தவறவிடக்கூடிய ஒன்று உண்டு. குழுவின் பக்கத்தில் எல்லாத் திட்டங்களின் இஷ்யூக்களையும் ஒன்றாகப் பார்க்கும் வசதி அப்போதே இருந்தது; அங்கு லேபிளைக் கொண்டு வடிகட்டவும் முடிந்தது. வடிகட்டல் லேபிளின் எண்ணைப் பார்க்கவில்லை, தலைப்பைப் பார்த்தது. ஆகவே மூன்று திட்டங்களிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருந்தவரை, பயனரின் கண்ணுக்கு அது ஒரே லேபிளாகவே தெரிந்தது. ஒருவர் 'பக்' என்பதை 'பக்ஸ்' என்று திருத்திய அன்று அந்தத் திட்டத்தின் இஷ்யூக்கள் குழுவின் பட்டியலிலிருந்து ஓசையின்றி நழுவிப்போயின. பிழைச் செய்தி எதுவும் வராது. பட்டியல் சற்றுக் குறுகும், அவ்வளவே. தேடல் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது, அதற்கு ஆதாரமாக நின்ற பெயரொற்றுமையைக் காப்பதற்கு மட்டும் எவரும் இருக்கவில்லை.

இஷ்யூ ஒன்றை ஒரு திட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும்போதும் இதே குறை வெளிப்பட்டது. சேருமிடத்தில் அதே தலைப்பில் லேபிள் இருந்தால் அது இஷ்யூவோடு தொடரும், இல்லாவிட்டால் உதிர்ந்துவிடும்.

எடுக்கப்பட்ட முடிவுகள்

முதல் முடிவு, பொது லேபிளின் பதிவு எங்கே இருக்கும் என்பது பற்றியது. ஒவ்வொரு லேபிளையும் எந்தெந்தத் திட்டங்கள் பகிர்கின்றன என்று காட்டும் இணைப்பு அட்டவணை ஒன்றை உருவாக்குவது ஒரு வழி. குழுவில் மூல லேபிளை வைத்து, மாற்றம் நேரும்போதெல்லாம் திட்டங்களின் நகல்களைத் தானாகப் புதுப்பிப்பது இன்னொரு வழி. இவ்விரண்டும் விடப்பட்டு, இருக்கும் லேபிள் அட்டவணையிலேயே குழு எண்ணுக்கு ஒரு புலமும் வகைக்கு ஒரு புலமும் சேர்க்கப்பட்டன. இனி ஒரு லேபிள் திட்ட லேபிளாகவோ குழு லேபிளாகவோ இருக்கும். முதல் வகையில் குழு எண் காலியாகவும் இரண்டாவதில் திட்ட எண் காலியாகவும் இருக்கும். இதன் பெரும் நன்மையாக நான் காண்பது, இஷ்யூவையும் லேபிளையும் இணைக்கும் அட்டவணையைத் தொடவே வேண்டியிருக்கவில்லை என்பதுதான். அந்த அட்டவணைக்கு வேண்டியது லேபிளின் எண் ஒன்றே. அந்த லேபிள் யாருடையது என்று அது கேட்பதில்லை. போர்டின் பட்டியல்களும் அப்படியே.

முன்னுரிமை விஷயத்தில் அந்த எளிமை தகர்ந்தது. ஜூன் மாதம் வந்த முன்னுரிமை, லேபிள் அட்டவணையிலேயே ஓர் எண்ணாக உட்கார்ந்திருந்தது. லேபிள் ஒரு திட்டத்துக்கு மட்டும் உரியதாக இருந்தவரை அதில் குறையில்லை. குழு லேபிளானதும், சர்வர் திட்டம் 'பாதுகாப்பு' என்ற லேபிளை முதலிடத்தில் வைத்தால் இணையதளத் திட்டத்திலும் அது முதலிடத்துக்கு ஏறிவிடும். பெயரும் நிறமும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம். எது முதலில் செய்யப்பட வேண்டும் என்பது ஒவ்வொரு திட்டத்தின் சொந்த விஷயம். எனவே லேபிள், திட்டம், வரிசை எண் ஆகிய மூன்றையும் கொண்ட தனி முன்னுரிமை அட்டவணை உருவாக்கப்பட்டு, பழைய எண்கள் அங்கே மாற்றப்பட்டு, பழைய புலம் நீக்கப்பட்டது. நான்கே மாதத்துக்கு முன் வந்த ஒரு வசதியின் அடித்தளத்தைப் பெயர்த்து வேறிடத்தில் வைப்பது எந்த மென்பொருள் குழுவுக்கும் உவப்பான வேலையல்ல. ஆயினும், இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளுள் மிகச் சிறந்தது இதுவே என்பது என் மதிப்பீடு. புதிய அட்டவணை ஒரு லேபிளுக்குப் பல முன்னுரிமைகளை அனுமதிப்பதால், திட்ட லேபிளுக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்ற சரிபார்ப்பும் நிரலில் சேர்க்கப்பட்டது.

அடுத்தது பெயர் மோதல். குழுவில் ஏற்கெனவே இருக்கும் பெயரில் திட்ட லேபிளை உருவாக்க முயன்றால் அது மறுக்கப்பட்டு, வேறு பெயரைத் தேர்ந்தெடுக்குமாறு கேட்கப்படும். எதிர்த்திசையில் அந்தத் தடை வைக்கப்படவில்லை: ஏதோ ஒரு திட்டத்தில் 'பக்' இருப்பதற்காகக் குழு அளவில் 'பக்' உருவாக்குவது தடுக்கப்படாது. இது முரணாகத் தோன்றினாலும் காரணத்தை ஊகிக்க முடிகிறது. அந்நாளில் பல திட்டங்களில் இயல்பு லேபிள்கள் இருந்திருக்கும். எதிர்த்திசையிலும் தடை வைத்திருந்தால் அத்தகைய பழைய குழுக்கள் மிகத் தேவையான பெயர்களில் குழு லேபிளைத் தொடங்கியிருக்க முடியாது. அதற்குக் கொடுத்த விலை, ஒரே திட்டத்தில் ஒரே பெயரில் இரண்டு லேபிள்கள், ஒன்று சொந்தமாகவும் மற்றொன்று குழுவிலிருந்தும், அருகருகே நிற்கும் நிலை. வடிகட்டல் தலைப்பைப் பார்த்தே நடந்ததால் தேடல் முடிவுகள் கெடவில்லை.

திட்டம் ஒன்று குழுவை விட்டு வெளியேறினால் என்ன ஆகும் என்பதும் முன்கூட்டியே யோசிக்கப்பட்டிருந்தது. அப்படி மாற்றப்படும்போது, அந்தத் திட்டத்தின் இஷ்யூக்களிலும் மெர்ஜ் ரிக்வெஸ்ட்களிலும் உண்மையில் பயன்பட்ட குழு லேபிள்கள் மட்டும் தேடி எடுக்கப்படும். புதிய இடத்தில் அதே பெயரில் லேபிள் இருந்தால் அதுவும், இல்லையெனில் புதிதாக உருவாக்கப்படுவதும் பழைய இணைப்புகளுக்கு மாற்றாக அமையும்; முன்னுரிமையும் கூடவே நகரும். திட்டத்தை ஏற்றுமதி செய்து, குழு எதுவும் இல்லாத தனிநபர் இடத்தில் இறக்குமதி செய்யும்போது குழு லேபிள் திட்ட லேபிளாக மாறுவதும் இதே கொள்கையின்படிதான். கூட்டுக் குடும்பத்திலிருந்து தனிக்குடித்தனம் போகிறவர் தாம் புழங்கிய பாத்திரங்களை மட்டும் எடுத்துச் செல்வதுபோன்ற இந்த ஏற்பாட்டால், பழைய இஷ்யூக்களின் வரலாறு அறுபடாமல் காக்கப்பட்டது.

உரிமை பற்றிய முடிவு எச்சரிக்கையானது. திட்ட லேபிள்களை ரிப்போர்ட்டர் என்ற கீழ்நிலை உரிமை உள்ளவரே நிர்வகிக்க முடிந்தபோதும், குழு லேபிள்களை மாற்றும் உரிமை முதலில் மாஸ்டர் என்ற உயர் நிலைக்கும் அதற்கு மேலும் மட்டுமே தரப்பட்டது. ஒரு திருத்தம் பல திட்டங்களைத் தொடும் என்பதால் இது புரிந்துகொள்ளத்தக்கதே.

வெளியீடு

2016 அக்டோபர் 22 அன்று வெளியான 8.13 பதிப்பில் குழு லேபிள்கள் இடம்பெற்றன. ஒவ்வொரு மாதமும் 22ஆம் தேதி புதிய பதிப்பை வெளியிடுவது அக்காலத்தில் கிட்லேப்பின் வழக்கம். முன்னுரிமைப் புலத்தை நீக்கும் மைக்ரேஷனும் (தரவுத்தளத்தை மாற்றும் சிறு நிரல்), ஒரே திட்டத்தில் இருந்த இரட்டை லேபிள்களை ஒன்றாக்கும் மைக்ரேஷனும் சேவையை நிறுத்திவைத்துச் செய்ய வேண்டியவை என்று அவற்றிலேயே குறிக்கப்பட்டிருந்தன. பிந்தையது, ஒரு திட்டத்தில் ஒரே தலைப்பில் பல பதிவுகள் இருந்தால் கடைசியாக உருவானதை வைத்துக்கொண்டு, மற்றவற்றின் இணைப்புகளை அதற்கு மாற்றி, எஞ்சியவற்றை அழித்தது. பிறகு குழு எண், திட்ட எண், தலைப்பு ஆகிய மூன்று புலங்களின் மேல், ஒரே மதிப்புகள் இருமுறை பதிவாவதைத் தடுப்பதற்கான தனித்தன்மை இன்டெக்ஸ் ஒன்று போடப்பட்டது. இந்த இன்டெக்ஸைப் பற்றிப் பின்னர் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சந்தா விஷயம் 8.13இல் முழுமை பெறவில்லை. குழு லேபிளுக்குச் சந்தா சேர்பவர் குழுவின் எல்லாத் திட்டங்களிலிருந்தும் அறிவிப்பு வேண்டுகிறாரா, ஒரு திட்டத்திலிருந்து மட்டுமா என்பதைப் பதிய பழைய சந்தா அட்டவணையில் இடமில்லை. அடுத்த மாதத்து 8.14 பதிப்பில் அந்த அட்டவணைக்குத் திட்ட எண் புலம் சேர்க்கப்பட்டு, இரண்டில் எது வேண்டும் என்று பயனரையே தேர்ந்தெடுக்க வைத்தார்கள். முன்னுரிமையில் கையாண்ட அதே பிரிப்பு இங்கும் வந்திருப்பதைக் காணலாம்: லேபிள் பொது, அதை ஒட்டிய விருப்பம் தனி.

பின்வந்த ஆண்டுகள்

2017 மார்ச்சில் 9.0 பதிப்பு குழுவுக்குள் குழுவை அனுமதித்தது. அதுவரை ஒரு திட்டத்துக்கு மேலே ஒரே ஒரு குழு என்று எழுதப்பட்டிருந்த நிரல் இதற்குப் போதவில்லை. மேல்நிலைக் குழுக்களின் லேபிள்கள் கீழேயுள்ள திட்டங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது பின்னர் படிப்படியாகவே நிறைவேறியது. உரிமையும் தளர்த்தப்பட்டு, ரிப்போர்ட்டர்களே குழு லேபிள்களை நிர்வகிக்கலாம் என்றாயிற்று. அன்றாடம் இஷ்யூக்களைப் பிரித்து லேபிள் ஒட்டுகிறவர்கள் பெரும்பாலும் அவர்களே என்பதால், முதலிலேயே இப்படி வைத்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

வெளியீட்டின் நாளிலிருந்தே தேவைப்பட்ட ஒரு வசதி சற்றுத் தாமதமாக வந்தது. திட்ட லேபிளைக் குழு லேபிளாக உயர்த்துவதுதான் அது. 8.13இல் குழு லேபிளைப் புதிதாக உருவாக்க முடிந்ததே தவிர, பல திட்டங்களில் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த 'பக்' லேபிள்களை ஒன்றாக இணைக்க முடியவில்லை. ஒவ்வொரு இஷ்யூவிலும் பழையதை நீக்கிப் புதியதை ஒட்ட வேண்டியிருந்தது. உயர்த்தும் வசதி வந்தபின், குழுவில் உள்ள திட்டங்களின் அதே தலைப்புள்ள லேபிள்கள் யாவும் ஒன்றில் கலந்து, இஷ்யூ இணைப்புகள், போர்டுப் பட்டியல்கள், முன்னுரிமைகள், சந்தாக்கள் எல்லாம் புதிய குழு லேபிளுக்கு மாற்றப்பட்டன. இந்தச் செயலைத் திரும்பப் பெற முடியாது என்று கருவியே எச்சரிக்கிறது. அதில் மிகையில்லை: எந்த இணைப்பு எந்தத் திட்டத்தின் லேபிளிலிருந்து வந்தது என்ற தகவல் கலந்தபின் எங்கும் மிஞ்சுவதில்லை. இரண்டு திட்டங்கள் ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் பயன்படுத்தியிருந்தால், உதாரணமாக ஒன்றில் 'தயார்' என்பது வேலையைத் தொடங்கலாம் என்றும் மற்றொன்றில் வெளியிடலாம் என்றும் பொருள்பட்டிருந்தால், உயர்த்திய நொடியில் அந்த வேறுபாடு மறைந்துபோகும்.

இனி அந்த இன்டெக்ஸ். தரவுத்தளத்தில் காலியாக விடப்பட்ட புலத்தின் மதிப்பை நல் என்பார்கள். கிட்லேப் அன்று ஆதரித்த போஸ்ட்கிரெஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல் ஆகிய இரண்டு தரவுத்தளங்களிலும் தனித்தன்மை இன்டெக்ஸ் இயல்பாக இரண்டு நல் மதிப்புகளைச் சமமாகக் கருதுவதில்லை. முன்பு எடுத்த முடிவின்படி ஒவ்வொரு லேபிளிலும் குழு எண்ணோ திட்ட எண்ணோ கட்டாயம் நல்லாக இருக்கும். ஆகவே மூன்று புலங்களையும் சேர்த்துப் போட்ட இன்டெக்ஸ், தன் பெயரில் தனித்தன்மை இருந்தபோதும், எந்த இரட்டைப் பதிவையும் தடுக்கும் நிலையில் இருக்கவே இல்லை. எஞ்சியிருந்த காவல் ரெயில்ஸின் சரிபார்ப்பு மட்டுமே. அதுவோ முதலில் தேடிப் பார்த்து, பிறகு எழுதும் முறை. இரண்டு கோரிக்கைகள் ஒரே கணத்தில் வந்தால் இரண்டும் தேடிப் பார்த்து, இரண்டும் இல்லையென்று கண்டு, இரண்டும் எழுதிவிடும்.

இது 2020இல்தான் சரிசெய்யப்பட்டது. முதலில் இரட்டைகளை அகற்ற வேண்டியிருந்தது. எல்லாவகையிலும் ஒத்தவை நீக்கப்பட்டன. தலைப்பு மட்டும் ஒத்து மற்றவை வேறுபட்டவற்றின் தலைப்பில் அது இரட்டை என்று காட்டும் பின்னொட்டும் அதன் எண்ணும் சேர்க்கப்பட்டன. மாற்றப்பட்டவற்றை மீட்கத் தேவையானால் உதவும்படி அவற்றின் நகல்கள் தனி அட்டவணை ஒன்றில் வைக்கப்பட்டன. அதன்பின் குழு எண் காலியாக உள்ள பதிவுகளுக்குத் திட்ட எண், தலைப்பு இரண்டின் மேலும், திட்ட எண் காலியாக உள்ளவற்றுக்குக் குழு எண், தலைப்பு இரண்டின் மேலும் தனித்தனிப் பகுதி இன்டெக்ஸ்கள் போடப்பட்டன. 2016இல் இரண்டு தரவுத்தளங்களையும் ஆதரிக்க வேண்டியிருந்ததையும், மைஎஸ்கியூஎல்லில் பகுதி இன்டெக்ஸ் கிடையாது என்பதையும் இங்கே நியாயமாகக் கணக்கில் கொள்ள வேண்டும். அதன் ஆதரவு 2019இல் கைவிடப்பட்ட பிறகே இந்தத் தீர்வுக்கு வழி திறந்தது.

மறுபடி செய்வதானால்

வேறொரு கருவியில் இதே வசதியைச் சேர்க்கப் போகிறவர், உயர்த்தும் வசதியை முதல் பதிப்பிலேயே சேர்ப்பது நல்லது. பொது லேபிளைக் கேட்பவர்கள் ஏற்கெனவே பல திட்டங்களில் ஒரே பெயரைப் பரப்பி வைத்திருப்பவர்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அது அவ்வளவு அவசரமில்லை. கலப்பதற்கு முன், எந்தெந்தத் திட்டங்களில் எத்தனை இஷ்யூக்கள் தொடப்படும் என்ற பட்டியலைக் காட்டினால், 'தயார்' போன்ற சொற்களில் உள்ள பொருள் வேறுபாட்டை மனிதர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். கலந்த லேபிள்களின் பழைய எண்களைச் சிலகாலம் தனியே வைத்திருப்பதும் வேண்டும். 2020இல் இரட்டைகளை நீக்கியபோது செய்ததை அதற்கு முன்பே எல்லா இணைப்புகளுக்கும் செய்திருக்க முடியும்.

இரண்டு உரிமையாளர் புலங்களில் ஒன்று எப்போதும் காலியாக இருக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுப்பவர், இரட்டைப் பதிவைத் தரவுத்தளம் உண்மையில் மறுக்கிறதா என்பதைச் சரிபார்ப்புகளைத் தவிர்த்து நேரடியாக எழுதிப் பார்க்க வேண்டும். பகுதி இன்டெக்ஸ் கிடைக்காத தரவுத்தளமானால் நல்லுக்குப் பதிலாகப் பூஜ்ஜியத்தை இடுவதுபோன்ற மாற்று ஒன்றை யோசிக்கலாம். புலத்தில் உள்ள எண் அது சுட்டும் அட்டவணையில் இருந்தாக வேண்டும் என்ற அயல் விசைக் கட்டுப்பாட்டோடு அது ஒத்துப்போகாது என்பதால், அதையும் தயக்கத்துடனே பரிந்துரைக்கிறேன்.

முன்னுரிமை இன்னும் ஒரு கேள்வியை விட்டுவைத்திருக்கிறது. அந்த அட்டவணையில் திட்ட எண் கட்டாயப் புலம். அதனால் குழு முழுவதற்கும் பொருந்தும் ஒரு முன்னுரிமை வரிசையை வைக்க இடமில்லை. ஒவ்வொரு திட்டத்திலும் அதைத் தனித்தனியே அமைத்தாக வேண்டும். முதலில் திட்டங்களின் சுதந்திரத்தைக் காத்த அதே முடிவு, பல திட்டங்களை ஒரே கால அட்டவணையில் நடத்தும் குழுக்களுக்குப் பழைய நகலெடுக்கும் வேலையை வேறு வடிவில் மீண்டும் தந்திருக்கிறது. குழுவின் வரிசை இயல்பாகவும், திட்டத்தின் வரிசை அதை மேலெழுதுவதாகவும் வைத்தால் இரண்டு தேவைகளும் நிறைவேறும். அந்த அட்டவணை உருவான நாளிலேயே குழு எண்ணுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தால், தரவை மீண்டும் மாற்றாமலே இதைச் சேர்த்திருக்க முடியும்.